எங்கள் தெருப் பன்றிகளும் நான் கொடுத்த ஒரு கடனும்

போன ஞாயிறு காலை. பரேலியில் பனிமூட்டம் விலகி வெயில் எட்டிப் பார்க்கவே ஒன்பதரை ஆகிவிட்டது. மொட்டை மாடியில் தங்கமணி துணி உலர்த்த, நான் தினசரியோடு நாற்காலியில். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மகள் திடீரென்று கத்தினாள்.

"அப்பா, ஓடி வாங்க... டால்மேஷியன் பன்னி!"

எட்டிப் பார்த்தேன். பின்பக்கத்துக் காலி மனையில் ஒரு தாய்ப் பன்றி, அதன் பின்னால் ஏழு குட்டிகள். இரண்டு அட்டைக் கறுப்பு. மூன்று அழுக்கு வெள்ளை. ஒன்று வெள்ளையில் கறுப்புப் புள்ளி (டால்மேஷியன் இதுதான்). கடைசிக் குட்டி முழுக்கக் கறுப்பு, தோளைச் சுற்றி மட்டும் பெல்ட் கட்டினாற்போல ஒரு வெள்ளைப் பட்டை.

"தென்காசில ஆச்சி வீட்டுப் பின்னாடி எல்லாம் கறுப்பாத்தானே இருக்கும்? இங்க மட்டும் ஏன்ப்பா கலர் கலரா இருக்கு?"

நல்ல கேள்வி. நான் 2004-ல் இருபத்தைந்து வயசுப் பையனாக இந்த மாவட்டத்துக்கு முதல் போஸ்டிங்கில் வந்தபோது, எங்கள் கிளை இருந்த சின்ன ஊரின் தெருவில் கலர் கலராக எதுவும் கிடையாது. அத்தனையும் கறுப்பு. ஒரு வெள்ளைப் பன்றி தெருவில் போனால் டீக்கடையே திரும்பிப் பார்க்கும். பதினான்கு வருஷம் வேறு ஊர்களில் சுற்றிவிட்டு 2022-ல் இங்கேயே மறுபடி மாற்றலாகி வந்தபோது கண்ணில் பட்ட முதல் வித்தியாசம் மேம்பாலங்கள். இரண்டாவது, பன்றிகளின் நிறம். அதற்குக் காரணமான காகிதங்களில் ஒன்றில் என் கையெழுத்தே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைக் கழுவிவிட்டு வரவும். :-)

முதலில் ஒரு சந்தேகம் தீர்த்துவிடுவோம். தெருவில் திரிவது காட்டுப் பன்றியா, வீட்டுப் பன்றியா? இரண்டும் இல்லை. வட இந்தியச் சிற்றூர்களில் சாக்கடை ஓரம் திரியும் பன்றிக்குப் பெரும்பாலும் ஓர் உரிமையாளர் உண்டு. அவர் அதைக் கட்டிப் போடுவதில்லை, தீவனம் வாங்கிப் போடுவதில்லை. காதில் ஒரு வெட்டு அடையாளம் போட்டு அவிழ்த்துவிட்டுவிடுவார். அது தானே மேயும், தானே ஜோடி தேடும், புதர் மறைவில் குட்டி போடும். விற்கும் நாளில் மட்டும் அவர் வந்து பிடித்துக்கொண்டு போவார். சில உரிமையாளர் இல்லாமலே பரம்பரையாகத் திரிகின்றன. ஆக, வீட்டிலிருந்து கிளம்பிக் காட்டுக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் நின்றுவிட்ட பிராணி. (நம்மைப் போல என்று தங்கமணி சொல்கிறாள். நான் எழுதவில்லை.)

இதன் மூலம் காட்டுப் பன்றி. இந்தியக் காட்டுப் பன்றியை நீங்கள் பார்த்திருக்காவிட்டாலும் அதன் சிலையைப் பார்த்திருப்பீர்கள். மாமல்லபுரம் வராக மண்டபத்தில் பூமாதேவியைத் தாங்கி நிற்கும் முகம் அதனுடையது. மத்தியப் பிரதேசத்து உதயகிரியில் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குப்தர் காலச் சிற்பி பாறையில் செதுக்கியதும் அதே முகம்தான். ஏரணிலும் கஜுராஹோவிலும் மனித உடம்பே இல்லாமல் நான்கு கால் பன்றியாகவே நிற்கிறது வராகம். மேலே சுருண்ட கோரைப்பல், பிடரியிலிருந்து முதுகு வரை சிலிர்த்த மயிர், நீண்ட மூஞ்சி, உயர்ந்த தோள், பின்னால் சரிந்து இறங்கும் இடுப்பு. இன்று பொம்மைக் கடையில் விற்கும் உருண்டை ரோஸ் பன்றிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

வங்கிக்காரன் என்பதால் ஒரு தகவல் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கிருந்து தெற்கே போனால் கன்னோஜ். ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து ஆண்ட மிஹிரபோஜனுக்கு ஆதிவராகன் என்று பட்டம், அவன் வெள்ளிக் காசில் வராக உருவம். தெற்கே விஜயநகரத்தின் சின்னமும் பன்றிதான். நம் பாட்டன் பூட்டன் புழங்கிய தங்கக் காசுக்கு 'வராகன்' என்று பேர் வந்தது அப்படித்தான். மூன்றரை ரூபாய் பெறும். 1818-ல் சென்னை மாகாணம் வெள்ளி ரூபாய்க்கு மாறும்வரை அதில்தான் கணக்கு. ஒரு காலத்தில் நாட்டின் கஜானாவே பன்றி முகத்தில் ஓடியிருக்கிறது. அதே பிராணியை வளர்ப்பவரை ஊருக்கு வெளியே தள்ளிவைத்ததும் இதே நாடுதான்.

நிற்க. காட்டுப் பன்றி எப்போது ஊர்ப் பன்றியானது? மேற்கே துருக்கிப் பக்கமும் கிழக்கே சீனாவிலும் ஒன்பதாயிரம், பத்தாயிரம் வருடம் முன்பே பழக்கிவிட்டார்கள். இந்தியாவிலும் தனியாகப் பழக்கியிருக்கக்கூடும் என்று 2005-ல் வந்த மரபணு ஆய்வு ஒன்று சொன்னது. பழக்கியதும் உருவம் மாறும். நம் பெரும்பாணாற்றுப்படையிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. கள் காய்ச்சுகிறவர்கள் வீட்டில் ஆண் பன்றி ஒன்றைப் பெட்டையோடு சேரவிடாமல் குழிக்குள் நிறுத்திக் கொழுக்க வைத்திருப்பதைப் புலவர் சொல்கிறார். அதன் கால்கள் குட்டை என்றும் சொல்கிறார். ஓடத் தேவையில்லாத பன்றிக்குக் கால் எதற்கு நீளமாக?

இந்தக் கால், மூஞ்சி சமாச்சாரத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நதூசியஸ் என்ற ஜெர்மானியர் மண்டையோடுகளை அளந்தே காட்டினார். நல்ல தீனி போட்டு வளர்த்தால் பன்றியின் முகம் அகன்று குட்டையாகிறது. பட்டினி போட்டு மண்ணைக் கிளறித் தின்ன விட்டால் முகம் நீளுகிறது. டார்வின் இதை 1868-ல் வந்த தன் புத்தகத்தில் எடுத்துச் சொல்லி, இன்னொன்றையும் சேர்த்தார். ஜமைக்கா போன்ற இடங்களில் வீட்டிலிருந்து தப்பிக் காட்டுக்குப் போன பன்றிகளுக்குச் சில தலைமுறைகளிலேயே வரிபோட்ட குட்டிகள் பிறந்தன. காட்டுப் பன்றிக் குட்டிக்கு அணில் மாதிரி முதுகில் கோடு இருக்கும், வளர்ந்ததும் மறைந்துவிடும். வீட்டுப் பன்றி அதை எப்போதோ தொலைத்துவிட்டது. தொலைத்தது காட்டில் திரும்பக் கிடைத்திருக்கிறது.

2004-ல் நான் பார்த்த கறுப்புப் பன்றியை இந்தப் பக்கத்தில் 'குர்ரா' என்பார்கள். நடுத்தர உயரம், கோணலான ஒல்லி உடம்பு, தொங்காத தட்டை வயிறு, நேரான நீள மூஞ்சி, கழுத்திலிருந்து தோள்வரை அடர்ந்த மயிர், நல்ல வேகம். கல்லெடுத்தால் அடுத்த நொடி தெருக்கோடியில் இருக்கும். அப்போது அதைப் பார்க்கையில் 'ஐயோ, சதையே இல்லையே' என்றுதான் தோன்றியது. எந்தச் சிற்பத்திலும் வராகத்தை அப்படி நினைத்ததில்லை என்பது இப்போது உறைக்கிறது.

சதை இல்லாத பன்றியை ஏன் இத்தனை நூற்றாண்டு வைத்திருந்தார்கள்? காசில்லாமல் வளரும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பலர் மறந்தே போனார்கள். அதுதான் முதுகு மயிர். பிரஷ்ஷுக்கு உலகம் முழுக்கப் பன்றி மயிர்தான் மூலப்பொருள். பெயின்ட் பிரஷ், துணி பிரஷ், ஷேவிங் பிரஷ், பல் துலக்கும் பிரஷ் உட்பட. (விபூதியும் வேப்பங்குச்சியும் வைத்து வெள்ளைக்காரனின் பிரஷ்ஷை விரட்டிய நம் பாட்டிகள் தீர்க்கதரிசிகள்.) இங்கே அந்த வியாபாரத்தின் பெரிய சந்தை கான்பூர். கிராமம் கிராமமாகப் பிடுங்கிச் சேர்த்த மயிரை அங்கே நீளம் பார்த்து, விறைப்பு பார்த்து, நிறம் பார்த்துக் கட்டுக்கட்டாய்ப் பிரித்து லண்டனுக்கு ஏற்றினார்கள். கொழுத்த பன்றிக்கு மயிர் மெலிந்துவிடும். வெயிலிலும் குளிரிலும் அலைகிற பன்றியின் மயிர்தான் விறைப்பு. ஆக, ஒல்லியாக முரட்டு மயிரோடு இருப்பதே அந்தக் காலத்தில் ஒரு வருமானம். 1938-ல் அமெரிக்காவில் நைலான் பல் பிரஷ் கடைக்கு வந்தது. அது மெல்ல மெல்ல ஒவ்வொரு பிரஷ்ஷாகப் பிடிக்க, முதுகு மயிரின் மதிப்பு இறங்கிக்கொண்டே போனது. பன்றி என்றால் மயிர் என்று இருந்த கணக்குப் போய், பன்றி என்றால் கிலோ என்ற கணக்கு மட்டும் மிச்சமாயிற்று.

வெள்ளைக்கார துரைகளுக்குப் பன்றியில் இரண்டு ஆசை. ஒன்று வேட்டை. மீரட் பக்கம் கங்கையின் காதர் வெளியில் குதிரைமேல் ஈட்டியோடு காட்டுப் பன்றியைத் துரத்துவார்கள். காதர் கோப்பை என்று பந்தயமே நடந்தது. சாரணர் இயக்கத்தை ஆரம்பித்த பேடன் பவல் 1883-ல் அதை ஜெயித்து, 1889-ல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். இன்னொரு ஆசை காலைச் சாப்பாட்டுத் தட்டில். அதற்குத் தெருவில் திரிகிற கறுப்புப் பன்றி ஆகாது. பண்ணையில் தீனி போட்டு வளர்த்த சீமைப் பன்றி வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு துரைகள் போனார்கள், சீமைப் பன்றி போகவில்லை. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்திலிருந்து அலிகார், மேற்கு வங்கத்தில் ஹரிங்கட்டா, ஆந்திராவில் கன்னவரம், பம்பாயில் போரிவலி என்று இனப்பெருக்கப் பண்ணையும் இறைச்சித் தொழிற்சாலையும் சேர்த்துத் தொடங்கினார்கள். யார்க்‌ஷயர் வெண்பன்றி முக்கியமானது. கூடவே லாண்ட்ரேஸும், கறுப்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஹாம்ப்‌ஷயரும். (என் மகள் பார்த்த பெல்ட் குட்டிக்கு எங்கேயோ ஒரு ஹாம்ப்‌ஷயர் பாட்டன் இருக்கவேண்டும்.) 1970-71-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நாடு தழுவிய பன்றி ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. பரேலியின் இஸ்ஸத்நகரில் இருக்கும் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் அதில் ஒரு மையம். நோக்கத்தில் தப்பு சொல்ல முடியாது. அதே மாதங்களில் அதிகக் கிலோ, ஒரு ஈற்றில் அதிகக் குட்டி. பண்ணைக்குள், தீவனத்தோடு, கொட்டகையோடு இருந்தால் அது உண்மையும்கூட.

பண்ணைக்கு வெளியே அதைக் கொண்டுபோனது யார்? அங்கேதான் நாங்கள் வருகிறோம். வங்கிகள்.

2005 கடைசி. ஸ்வர்ணஜெயந்தி கிராம ஸ்வரோஜ்கார் யோஜனா என்று ஒரு மத்திய அரசுத் திட்டம் ஓடிக்கொண்டிருந்த நேரம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கடனும் மானியமும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். தலித், பழங்குடியினருக்குத் திட்டச் செலவில் பாதி, அதிகபட்சம் 10,000 ரூபாய் மானியம். மார்ச்சுக்குள் இலக்கு முடிக்கவேண்டும், முடிக்காவிட்டால் மேலிடத்தில் தலை உருளும். நான் ஃபீல்டு ஆபீசர். பி.காம் படித்துவிட்டு, டேலி எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு, எருமையின் பல்லைப் பார்த்து வயசு சொல்லக் கற்றுக்கொண்டிருந்த காலம்.

ஒரு பெரியவர் வந்தார். வால்மீகி சமூகம். எங்கள் கிளைக்குப் பின்னால் இருந்த பஸ்தியில் குடியிருப்பு. அவருக்கு ஒன்பது கறுப்புப் பன்றிகள், எல்லாம் தெருவில். "மேனேஜர் சாப், இன்னும் நாலு பெட்டை வாங்கணும். மழைக்கு ஒதுங்க ஒரு தகரக் கொட்டகை. அவ்வளவுதான்" என்றார். (நான் மேனேஜர் இல்லை. பேன்ட் போட்ட எல்லோரும் மேனேஜர்.)

திட்டப் படிவத்தைப் புரட்டினேன். மூன்று பெட்டை, ஒரு கடா. இனம்: யார்க்‌ஷயர் அல்லது கலப்பு. நாட்டுப் பன்றிக்கு அதில் இடமே கிடையாது. கணக்கெடுப்புகளில் அதற்கு 'நான்-டிஸ்கிரிப்ட்' என்று பெயர். வர்ணிக்க லாயக்கில்லாதது. பேரில்லாத பிராணிக்கு எப்படிக் கடன் கொடுப்பது? 20,000 ரூபாய் யூனிட், பாதி மானியம், பாதி கடன், வெண்பன்றிதான் என்றேன்.

அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "சாப், கறுப்பு தேடித் தின்னும். வெள்ளை, தட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். மே மாசத்து லூ காத்துல அது தோல் வெந்துடும்."

நான் சிரித்தேன். படிவத்தை நம்பியவன் சிரிப்பு அது. அத்தோடு விடவில்லை. கறுப்போடு சேர்ந்தால் வெள்ளை இனம் கெட்டுப்போகும் என்று கால்நடைத் துறைக்காரர் சொன்னதை அப்படியே வாங்கிச் சொன்னேன். "சாச்சா, பழசையெல்லாம் வித்துடுங்க. அந்தக் காசுல தீவனம் வாங்கலாம்." அது படிவத்தில் கிடையாது. என் சொந்தச் சரக்கு. அவர் ஒன்பதையும் விற்றார்.

ஜனவரியில் நான்கு வெண்பன்றிகள் வந்தன. ரோஸ் தோல், குட்டை மூஞ்சி, சுருட்டை வால், காதில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பிளாஸ்டிக் கம்மல். போட்டோ எடுத்து ஃபைலில் ஒட்டினோம். மார்ச்சில் இலக்கு முடித்ததற்கு எனக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது.

மே மாதம் வெயில் 44 டிகிரி. பன்றிக்கு வியர்த்துக் குளிர்விக்கும் வசதி கிடையாது, சேற்றில் புரண்டால்தான் உண்டு. கறுப்புத் தோலும் அடர்ந்த மயிரும் வெயிலைக் கொஞ்சம் தாங்கும். வெள்ளைத் தோல் மனிதத் தோல் மாதிரியே வெந்து உரியும். நான் சரிபார்க்கப் போனபோது அவர் மனைவி கடுகெண்ணெயும் மண்ணும் குழைத்து அதுகளின் முதுகில் பூசிக்கொண்டிருந்தார். ஒரு பெட்டை ஜூனில் செத்தது. இறந்த பன்றியின் காதில் கம்மல் இல்லை, எங்கேயோ வேலியில் மாட்டி அறுந்துபோயிருக்கிறது. கம்மல் இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் இல்லை. காதைத் தொட்டுக்காட்டி 'இதோ பாருங்க, ஓட்டை இருக்கு' என்றார் அவர். ஓட்டைக்கு யார் பணம் தருவார்கள்? தவிட்டு விலை ஏற ஏற இன்னொரு பெட்டை, அப்புறம் மூன்றாவது பெட்டை விற்கப்பட்டது. கடாவுக்குத் தீனி போட முடியாமல் அடுத்த வருஷம் அதையும் தெருவில் அவிழ்த்துவிட்டார்.

2008 கடன் தள்ளுபடியில் அவர் பாக்கி கழிந்தது. பன்றி, மாடு போன்றவைக்கு வாங்கிய சின்னக் கடன்களும் அதில் அடக்கம். வங்கிப் புத்தகத்தில் கணக்கு சுத்தம். கறுப்புப் பன்றி ஒன்பதுக்குத் தள்ளுபடி எதுவும் கிடையாது. அதே ஜூனில் எனக்கு நாக்பூருக்கு மாற்றல். அவரிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

அவிழ்த்துவிட்ட அந்தக் கடா தெருவில் என்ன செய்தது என்பதைத்தான் என் மகள் மாடியிலிருந்து பார்த்தாள். இந்த மாதிரி அவிழ்த்துவிட்ட கடாக்கள் மாவட்டம் முழுக்க இருந்திருக்கும். எங்கள் கிளை ஒன்றுதான் கடன் கொடுத்தது என்றில்லையே.

இதில் விஞ்ஞானம் எனக்குப் புரிந்தவரை எளிமையானது. யார்க்‌ஷயரின் வெள்ளை, பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுவின் வேலை. அது மேலாதிக்கம் கொண்டது. வெள்ளைக் கடாவும் கறுப்புப் பெட்டையும் சேர்ந்தால் முதல் ஈற்றுக் குட்டிகள் ஏறக்குறைய எல்லாமே வெள்ளை. பார்ப்பவர்கள் 'அடடா, இனமே மாறிவிட்டது' என்று நினைப்பார்கள். உள்ளே பாதி குர்ராதான். அந்த வெள்ளை மறுபடி கறுப்போடு சேர்ந்தால் பாதிக் குட்டி வெள்ளை, பாதி நிறமுள்ளவை. இன்னொரு விசித்திரம், யார்க்‌ஷயரின் வெள்ளை என்பது மேலே போர்த்திய வேட்டி மாதிரி. அடியில் இருப்பது கறுப்புப் புள்ளி போட்ட பன்றி. வேட்டி நழுவிய தலைமுறையில் சிலவற்றுக்குப் புள்ளி வெளியே வரும். என் மகளின் டால்மேஷியன் அப்படி வந்திருக்கலாம். காட்டுப் பன்றிகளுக்குள் இந்த நிறக் கூத்து கிடையாது என்று 2009-ல் ஓர் ஆய்வு காட்டியது. காட்டில் நிறம் மாறிப் பிறந்தால் புலிக்கும் சிறுத்தைக்கும் முதலில் கண்ணில் படும். கலர் கலராக இருப்பது மனிதன் பக்கத்தில் இருக்கும் பன்றிக்கு மட்டுமே வாய்த்த ஆடம்பரம்.

நிறம் ஒரே தலைமுறையில் மாறிவிடும். மூஞ்சியும் காலும் மயிரும் அப்படி ஒரு மரபணுவில் நிற்பவை அல்ல. பல மரபணுக்கள், கூடவே நதூசியஸ் சொன்ன தீனி. அன்று மாடியிலிருந்து இறங்கிப் போய் அந்தத் தாய்ப் பன்றியைக் கிட்டத்தில் பார்த்தேன். வெள்ளைதான். ஆனால் மூஞ்சி நீளம், வயிறு தட்டை, முதுகில் சீப்பு மாதிரி மயிர், வால் நேர். யார்க்‌ஷயர் சட்டையைப் போட்டுக்கொண்டு குர்ரா நடந்துபோகிறது!

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் ஈ-ரிக்‌ஷாவை ஓரங்கட்டிவிட்டு நாக்கால் ஒரு விதமாகச் சத்தம் கொடுத்தார். ஏழு குட்டிகளும் தாயும் ஓடி வந்தன. என் இந்தியைக் கேட்டதும் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மத்ராஸி சாப்தானே? லோன் ஆபீசர்?"

பெரியவரின் மகன். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்த பையன். பஸ்தி இருந்த இடத்தில் கடைகள் வந்துவிட்டனவாம், இப்போது பரேலியில் எங்கள் காலனிக்குப் பின்னால் குடியிருப்பு. அப்பா 2017-ல் போய்விட்டார் என்றார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் புள்ளிக் குட்டியைத் தூக்கி என் பக்கம் நீட்டினார்.

"பாருங்க சாப், உங்க கடாவோட வம்சம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். எனக்கு அது தொண்டையில் நின்றது.

அரை மணி நேரம் பேசினோம். என் புத்தகங்களில் இல்லாத விஷயம் அவரிடம் இருந்தது. வெள்ளைக் குட்டி ராத்திரியில் நாய்களுக்குச் சுலபமாகத் தெரிகிறது, கறுப்பு தப்பிக்கிறது. வெள்ளையிலும் மூஞ்சி குட்டையானது குப்பையைக் கிளற முடியாமல் மெலிந்து போகிறது. எல்லாவற்றுக்கும் மேல், வியாபாரி வந்தால் கொழுத்த வெள்ளைக்குத்தான் அதிக விலை. அதனால் அதை முதலில் விற்றுவிடுகிறார். விலை போகாத ஒல்லிக் கறுப்பு பின்தங்கி, அடுத்த ஈற்றைப் போடுகிறது. வெயில், நாய், வியாபாரி மூன்றும் சேர்ந்து இருபது வருஷமாக எங்கள் திட்டத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கின்றன.

2022 ஜூலையில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரேலி மாவட்டத்தில் உறுதியானது. நாட்டுக்குள் அது 2020-ல் அஸ்ஸாம், அருணாசலம் வழியாக வந்தது. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பன்றிக்கு வைத்தியமும் இல்லை. கறுப்பு, வெள்ளை பார்க்கவில்லை. இவருடைய பதினேழில் பதினான்கு போயிற்று. மிஞ்சியது இரண்டு கறுப்பு, ஒரு வெள்ளை. இப்போது இருப்பதெல்லாம் அந்த மூன்றின் பிள்ளைகள்.

காய்ச்சலுக்கு முன்பே எண்ணிக்கை சரிந்துதான் இருந்தது. 2012 கணக்கெடுப்பில் உத்தரப் பிரதேசத்தில் சுமார் 13 லட்சம் பன்றிகள், 2019-ல் சுமார் 4 லட்சம். ஏழு வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காணோம். சாக்கடைகள் மூடப்பட்டன, வீடுகளில் கழிப்பறை வந்தது, காலி மனைகளில் அடுக்குமாடி எழும்பியது, நகராட்சிகள் பிடித்துக்கொண்டு போயின. முதல் மூன்றும் நல்லவைதான், நான்தானே வீட்டுக் கடனும் கொடுக்கிறேன். பன்றிக்காரர்களுக்கு அதற்குப் பதிலாக என்ன கிடைத்தது என்று எந்தக் கணக்கெடுப்பிலும் கட்டம் இல்லை.

"சாப், இப்ப ஏதாவது ஸ்கீம் இருக்கா?" என்றார் கிளம்பும்போது.

இருக்கிறது. நூறு பெட்டை வைத்துப் பண்ணை போடுகிறவருக்கு 30 லட்சம் வரை மானியம் என்று தேசிய கால்நடைத் திட்டத்தில் இருக்கிறது. நூறு பெட்டையை அவர் எங்கே நிறுத்துவார்? அதைச் சொல்லவில்லை. கிசான் கிரெடிட் கார்டை 2019-லிருந்து கால்நடை வளர்ப்பவருக்கும் கொடுக்கலாம், பன்றிக்கும் உண்டு. அதைச் சொன்னேன்.

"இருக்கறதை விக்கச் சொல்ல மாட்டீங்களே?"

"மாட்டேன்" என்றேன்.

திங்கட்கிழமை ஆதார், போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். நான் இப்போது கிளையில் இல்லை, மண்டல அலுவலகம். எனவே கீழ்த்தளத்துக் கிளைக்குக் கூட்டிப்போய் அந்த ஃபீல்டு ஆபீசர் பையனின் எதிரே உட்காரவைத்தேன். இன்ஷூரன்ஸ் பாரத்தில் 'இனம்' என்ற கட்டம் வந்ததும் பையன் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தான். குர்ரா இப்போது கர்னாலில் இருக்கும் தேசிய மரபு வளப் பதிவேட்டில் தனி இனமாக ஏறிவிட்டது. பேர் கிடைத்துவிட்டது. கறுப்புக்கு எல்லாம் 'குர்ரா' என்று எழுதச் சொன்னேன்.

"புள்ளிக்கு சார்?"

மகனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. புதன்கிழமை கால்நடை மருத்துவர் வருகிறார், அவரைக் கேட்கவேண்டும்.